ஜாடியில் பூத்த உப்பு

முதல் நாள் சக்கரத்துக்குச் சுவிட்சைப் போட்டதும், அதன் நடுவில் நான் பக்தியோடு வைத்திருந்த மண் உருண்டை எழும்பிப் பறந்து, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரில் போய் அப்பிக்கொண்டது. மோட்டார் ஒரு நூல் மில்லில் கழித்துப் போட்டது. லேத் பட்டறைக்காரர் அதைச் சக்கரத்தோடு பொருத்திக் கொடுத்தபோது வேகத்தைக் குறைக்க மறந்துவிட்டார். நூல் சுற்றுகிற வேகத்தில் ஜாடி சுற்ற முடியுமா என்று அவரிடம் போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என் கூட்டாளி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்களால் கோபத்தைக் கட்டிக் காப்பாற்ற முடியாது. நானும் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பட்டறை அப்படித்தான் தொடங்கியது.

எண்பதுகளின் கடைசி அது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படிக்கப் போன இடத்தில் இருவரும் சிநேகிதமானோம். எனக்குச் சேத்தூர். நெல், தென்னை, மாடு என்று இருக்கிற சம்சாரி வீடு. அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். இரண்டு ஊருக்கும் நடுவில் ராஜபாளையம், அதன் ஓரத்தில் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கி காலியாக இருந்தது. காலையில் அவள் வடக்கிலிருந்து ஒரு பஸ்ஸில் வருவாள், நான் தெற்கிலிருந்து ஒரு பஸ்ஸில் வருவேன். முதலில் வந்து இறங்குகிறவள் கிட்டங்கியைத் திறந்து, பெருக்கி, டீ போட வேண்டும் என்பது ஏற்பாடு. டீ போடச் சோம்பல்பட்டு நான் வேண்டுமென்றே அடுத்த பஸ்ஸுக்கு நின்றதும் உண்டு.

மண் பிசைவதும் சக்கரமும் என் வேலை. சூளையும் கிளேஸும் அவள் வேலை. கிளேஸ் என்பது ஜாடியின் உள்ளும் புறமும் பூசுகிற கரைசல். சூளைச் சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரி படிந்துவிடும். ஜாடிக்கு மினுமினுப்பு தருவதும் அதுதான், உள்ளே ஊற்றியது வெளியே கசியாமல் காப்பதும் அதுதான். எந்தப் பொடியை எதனோடு எம்புட்டுச் சேர்ப்பது என்ற அந்தக் கணக்கு எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. அவள் இல்லையென்றால் நான் பூந்தொட்டி செய்துகொண்டு இருந்திருப்பேன். இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, அன்றைக்கு அவளிடம் இதைச் சொன்னதே கிடையாது.

தினமும் ஏதாவது ஒரு கூத்து. முதலில் மூடி பிரச்சினை. ஜாடியைத் திங்கட்கிழமை செய்து மூடியைப் புதன்கிழமை செய்தால், இரண்டும் காய்ந்து சுருங்குவதில் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விடும். ஒரு சூளை முழுக்க மூடிகள் ஜாடிக்குள் விழுந்தன, அடுத்த சூளை முழுக்க மூடிகள் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றன. பிறகு இரண்டையும் ஒரே நாளில் செய்து, மூடியை ஜாடியின் தலையில் வைத்தே காயவிட்டோம். சேர்ந்து காய்ந்தவை சேர்ந்தே சுருங்கின. இதைக் கண்டுபிடித்த அன்று நாங்கள் இருவரும் கிட்டங்கிக்குள் கைகோத்துச் சுற்றிச் சுற்றி ஆடினோம். கிளேஸ் ஒட்டவில்லை என்று மில்லில் நூல் விறைக்கப் பாவுக்குப் போடுகிற கஞ்சியைக் கொஞ்சம் வாங்கி வந்து கலந்தோம். நன்றாக ஒட்டியது. மூன்றாம் நாள் வாளி பொங்கி வழிந்து, கிட்டங்கியே புளித்த தோசைமாவு வாசம் அடித்தது. தெருவில் போன அம்மாள் ஒருத்தி இங்கே ஓட்டல் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கிட்டங்கியின் சொந்தக்காரம்மா தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெரிய மனுஷி. மாந்தோப்பு உண்டு. கோடையில் அவர் போடுகிற ஆவக்காய் ஊறுகாய்க்கு அந்தத் தெருவே காத்திருக்கும். மகள்களைக் கட்டிக்கொடுக்க, ஒவ்வொருத்தியும் ஊறுகாயோடு ஜாடியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக ஒருநாள் எங்களிடம் குறைப்பட்டார். கூடவே, பேண்டேஜ் துணிக் கம்பெனிக்காரர் ஒருவர் கிட்டங்கியைக் கேட்கிறார் என்றும் நைசாகச் சொல்லி வைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஜாடிக்கு ஏன் கவலைப்படுகிறீர்கள், எங்கள் ஜாடி ஒரு சொட்டுக் கசியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சரி அம்மாயி, பாத்துருவோம். ஆவக்காய்க்கு ஆறு ஜாடி குடுங்க. உப்புப் பூக்காம நின்னா கிட்டங்கி ஒங்களுக்கு. பூத்துச்சுன்னா பேண்டேஜ்காரருக்கு.”

உப்புப் பூப்பது என்பது ஊறுகாய் போடுகிற வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சோதனை. ஜாடி நிறைய கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, வாயில் துணி கட்டிச் சில நாள் வைப்பார்கள். ஜாடியில் கண்ணுக்குத் தெரியாத துளை ஒன்று இருந்தாலும் போதும், உப்புத் தண்ணீர் அதன் வழியாக மெல்ல ஊறி வெளியே வந்து காய்ந்து, புறத்தில் வெள்ளையாகப் பூத்துக் காட்டிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட ஜாடியில் போட்ட ஊறுகாய் எண்ணெய் வற்றிக் கெட்டுப்போகும்.

இந்தச் செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போனது. அவளுடைய அப்பாவுக்குப் பம்பாயில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் கைவசம் இருந்தார். அப்பா மகளைக் கூப்பிட்டு, கிட்டங்கி நிலைத்தால் பட்டறை நடத்து, நிலைக்காவிட்டால் மாங்காய் சீசன் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லி எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பட்டாளத்துக்காரர், ஒன்று சொன்னால் அதில் மாற்றமில்லை. ஆக, ஜாடி கசிந்தால் கிட்டங்கி போகும், கிட்டங்கி போனால் அவள் பம்பாய் போவாள். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள்.

தை கடைசியில் அந்த ஆறு ஜாடிக்கான முதல் சூளையைப் பிரித்தோம். ஜாடிகள் அத்தனை அழகு. தேன் நிறத்தில் மினுங்கின. தட்டினால் மணி மாதிரி சத்தம். தலைகால் புரியாமல் ஆறையும் வைக்கோல் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சொந்தக்காரம்மா வீட்டு முற்றத்தில் வரிசையாக வைத்தோம். அவர் உப்புத் தண்ணீர் ஊற்றினார். சில நாள் கழித்துப் போனால் ஆறு ஜாடியும் ஆளுக்கொரு பக்கம் வெள்ளை பூத்து நின்றன. தெருப் பெண்கள் வேறு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தி, இதை ஊறுகாய்க்கு வைக்காமல் உப்பு எடுக்க வைக்கலாமே என்று யோசனை சொன்னாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

சொந்தக்காரம்மா கோபிக்கவில்லை. மாங்காய்க்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

கிட்டங்கிக்குத் திரும்பி, ஒரு ஜாடியை வெயிலில் தூக்கிப் பிடித்து அவள் உற்றுப் பார்த்தாள். கிளேஸ் முழுக்க ஊசி முனையால் குத்தியதுபோலத் துளித் துளிப் புள்ளிகள். மூக்கு நுனியை ஜாடியில் வைத்தால்தான் தெரியும். கிளேஸில் ஏதோ தூசி விழுந்து, சூளையில் அது எரிந்துபோய், இருந்த இடம் துளையாகிவிட்டது என்றாள். என்ன தூசி என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மேலே பார்த்தோம். பல வருஷத்துப் பஞ்சு விட்டத்திலும் ஓட்டு இடுக்கிலும் சடை சடையாகத் தொங்கியது.

அதன்பிறகு நாங்கள் செய்தது பட்டறை வேலை இல்லை. ஒட்டடை அடித்தோம். ஓட்டைக் கழுவினோம். விட்டத்தைத் துடைத்தோம். சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். தரை காயவே விடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். காற்றில் ஒரு பஞ்சு இழை பறந்தால் இருவரும் கை தட்டிக்கொண்டு அதைத் துரத்துவோம். சேலையை நனைத்துக் கட்டிக்கொண்டால் தூசி கிளம்பாது என்று அவள் ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தாள். ஈரச் சேலையோடு நாள் முழுக்க நடமாடி இருவருக்கும் சளி பிடித்தது. மாசிச் சூளையைப் பிரித்தோம். துளை அப்படியே இருந்தது. பங்குனியில் இன்னொரு சூளை. அதுவும் அப்படியே. ஒருவேளை கொஞ்சம் கூடுதல்.

பங்குனிச் சூளை பிரித்த அன்றுதான் நாங்கள் சண்டை போட்டோம். அதற்கு முன் சில்லறைச் சண்டை உண்டு, அன்றைக்கு நடந்தது மொத்தச் சண்டை. நான் அவளுடைய தலைமுடிதான் காரணம் என்றேன். அவளுக்கு இடுப்புக்குக் கீழே முடி, ஒருநாளும் ஒழுங்காக முடிந்ததில்லை. அவள் என் கைத்தறிச் சேலைதான் காரணம், நான் நடந்தாலே நூல் கொட்டுகிறது என்றாள். நீ பம்பாய்க்குப் போனால்தான் என் ஜாடி உருப்படும் என்று நான் சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அடுப்பில் கொதித்த டீயை வடிகட்டி என் முன்னால் டங்கென்று வைத்தாள். நானும் வீம்பாக எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

நாக்கில் ஏதோ சிக்கியது. விரலை விட்டு இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. வெள்ளை நூல் ஒன்று, சாண் நீளத்துக்கு.

இருவரும் அந்த நூலைப் பார்த்தோம். பிறகு டீ வடிகட்டிய துணியைப் பார்த்தோம். அது பேண்டேஜ் துணி. எங்கள் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஓரம் பிசிறிய கழிவுத் துண்டு கேட்டால் அள்ளிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு டீ வடிகட்டவும், மோர் வடிகட்டவும், அடுப்பில் பாத்திரம் இறக்கவும் அதுதான். பிறகு மெதுவாக இருவரும் மூலையில் இருந்த கிளேஸ் வாளியைப் பார்த்தோம். விருத்தாசலத்திலிருந்து கொண்டுவந்த கம்பிச் சல்லடை மார்கழியிலேயே கிழிந்துபோயிருந்தது. மதுரைக் கடையில் கேட்டால், மெட்ராஸிலிருந்து வரும், வந்துகொண்டே இருக்கிறது என்பார்கள். அதுவரைக்கும் ஆகட்டும் என்று நாங்கள் கிளேஸை வடிகட்டியதும் பேண்டேஜ் துணியில்தான். தூசி போய்விடக் கூடாது என்று, நாலாக மடித்து வேறு.

கூரையில் பஞ்சைத் தேடிய எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது. சுத்தம் செய்கிறோம் என்று நாங்களே வாளி வாளியாக நூலைக் கலந்திருக்கிறோம். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்ய வாய்க்காது. அவள் முகம் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டு வந்தது. நான் அழப் போகிறாள் என்று பயந்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான் அந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டே சிரித்தேன். டீ ஆறிப்போனது. நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று நடுவில் சொன்னேன். என்ன சொன்னே என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள்.

சரி, எதில் வடிகட்டுவது. சல்லடை வருவதாகத் தெரியவில்லை. மாங்காய் மரத்தில் பருத்துக்கொண்டிருக்கிறது. பிசிறு விடாத துணி வேண்டும். பருத்தி ஆகாது, பட்டுக்கு நாங்கள் எங்கே போவது. மறுநாள் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் புத்தம்புதிய நைலக்ஸ் சேலை. இளநீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. கண்ணுக்கு முன்னால் பிடித்தால் மறுபக்கம் தெரியும். இழுத்தாலும் ஒரு இழை வராது. பெண் பார்க்க வரும்போது கட்டுவதற்கென்று அவளுடைய அப்பா மிலிட்டரி கேன்டீனில் பார்த்துப் பார்த்து வாங்கியது அது.

வேண்டாம் என்றேன். நிஜமாகவே பதறிப்போய்ச் சொன்னேன்.

“ஏட்டி, பம்பாய்க்குப் போறதுக்குக் கட்டுற சேல இது. போகாம இருக்கதுக்குக் கிழிச்சா என்ன?” என்று கேட்டுக்கொண்டே அவள் முந்தானையில் கத்தரிக்கோலை வைத்துவிட்டாள்.

கிளேஸ் அதில் பால் மாதிரி வழிந்து இறங்கியது. முன்பு கலந்திருந்த பிசிறெல்லாம் மேலே தங்கியதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் ஒரு கெட்ட பழக்கம், பொய் சொல்லத் தெரியாது. அன்று சாயங்காலமே வீட்டில் சேலையைக் கிழித்துவிட்டதைச் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். அதன்பிறகு சோறு ஆறுகிறது என்பதைக்கூட, “அவகிட்டச் சொல்லு” என்று அம்மா வழியாகத்தான் சொன்னாராம். இதையும் அவள் அவர் குரலில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாள். ஆனால் டீக் குடிக்கும்போது சில நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா பேசாமல் இருப்பது அவளுக்கு எம்புட்டு வலித்தது என்று எனக்குத் தெரியும்.

சித்திரையில் கடைசிச் சூளை வைத்தோம். இதற்குமேல் இன்னொன்றுக்கு நாள் இல்லை. ஆறு ஜாடி வந்தன. புள்ளி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் நாங்கள் எங்கள் கண்ணை நம்புகிற நிலையில் இல்லை. சொந்தக்காரம்மாவைக் கிட்டங்கிக்கே வரவழைத்து, அவர் கையாலேயே உப்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னோம்.

சோதனை முடிகிற அன்று அவர் காலையிலேயே வந்துவிட்டார். பின்னால் ஒரு மாட்டுவண்டி நிறைய மாங்காய், சாக்குச் சாக்காக. ஜாடி சரியில்லை என்றால் அப்படியே கடைவீதிக்குப் போய் வேறு ஜாடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். முதல் ஜாடியின் புறத்தில் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தடவினார். பிறகு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். அடுத்த ஜாடிக்குப் போனார். அதிலும் அப்படியே. என் கூட்டாளி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது ஜாடியில் விரலை நாக்கில் வைத்தவர் நின்றுவிட்டார். மறுபடி தடவி, மறுபடி நக்கினார்.

“உப்பு” என்றார்.

என் கூட்டாளிதான் குனிந்து பார்த்துவிட்டு, அந்த ஜாடியை விடிந்ததிலிருந்து யார் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று என்னைக் கேட்டாள். நான்தான். சித்திரை வெயிலில் வேர்வை ஒழுக ஒழுக, அந்த ஜாடிமேல் சாய்ந்துகொண்டுதான் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரம்மா சேலைத் தலைப்பால் ஜாடியை அழுத்தித் துடைத்தார். செத்த நேரம் விட்டு மறுபடி தடவி நக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, குளித்துவிட்டு வரக் கூடாதா என்று கேட்டார். ஆறாவது ஜாடியையும் பார்த்து முடித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி வண்டிக்காரரிடம் குரல் கொடுத்தார்.

“மாங்காய எறக்குப்பா. இங்கயே போட்டுருவோம்.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்த குதியில் ஜாடியைத் தட்டிவிடப் பார்த்தோம். அவர் அதட்டித்தான் அடங்கினோம். ஜாடியை வண்டியில் ஏற்றிக் குண்டுகுழியில் உடைப்பதைவிட, நாங்கள் கழுவிக் கழுவித் தேய்த்து வைத்திருக்கிற இந்தத் தரையிலேயே ஊறுகாய் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. அரிவாள்மணையும் மிளகாய்ப்பொடியும் கடுகுப்பொடியும் நல்லெண்ணெயும் அவர் வீட்டிலிருந்து வந்தன. உப்புத் தண்ணீரைக் கொட்டி ஜாடிகளை வெயிலில் காயவைத்துவிட்டு நாள் முழுக்க மாங்காய் வெட்டினோம். தும்மினோம். கண்ணெல்லாம் எரிந்தது. மிளகாய்க் கையோடு மூக்கைத் தொட்டுவிட்டு நான் கிட்டங்கியைச் சுற்றி ஓடியதைப் பார்த்து, சிரிக்கவே சிரிக்காத சொந்தக்காரம்மாகூடச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் ஆறு ஜாடியும் நிறைந்து, வாய் கட்டி, சுவரோரம் நின்றன.

ஆவக்காய் கலந்த பாத்திரத்தைக் கழுவ மாட்டார்கள். அதில் சுடுசோற்றைப் போட்டு, ஒட்டியிருக்கிற காரத்தையும் எண்ணெயையும் வழித்துப் பிசைந்து, அங்கே இருக்கிற எல்லார் கையிலும் ஆளுக்கு ஒரு உருண்டை வைப்பது அந்த வீட்டு வழக்கம். சோறு வடித்து அவர் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. என் கூட்டாளியின் அப்பா. ஜாடி என்னவாயிற்று என்று தெரிந்துகொண்டு போக வந்திருக்கிறார். சட்டை மடிப்புக் கலையாமல், முதுகு நிமிர்ந்து, வாசற்படியிலேயே நின்றார். மகளைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற ஜாடிகளைப் பார்த்தார், வாளியில் கட்டியிருந்த நீலச் சேலைத் துண்டைப் பார்த்தார்.

சொந்தக்காரம்மாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. வந்தவர் யாராக இருந்தால் என்ன, கையை நீட்டச் சொன்னார். அவர் தயங்கினார். அந்த அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவர் உள்ளே வந்து, உள்ளங்கையை விரித்து வாங்கி, நின்றபடியே அந்த உருண்டையை வாயில் போட்டார். காரம் ஏறி முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்துக்கொண்டார். பிறகு மிளகாய்ச் சிவப்பேறிய கைகளோடு நின்ற மகளை நேராகப் பார்த்தார்.

“ஏட்டி, அடுத்த சூளை என்னைக்கு வைக்கிய?” என்றார்.

அவளுக்கு வாய் நிறைய சோறு, கன்னம் நிறைய கண்ணீர், அதோடு சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஜாடியும் இல்லை, கிட்டங்கியும் இல்லை, இவள் என்னை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது.

“வெறகு காஞ்சதும் வச்சிருவோம் மாமா” என்று நான்தான் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு உருண்டைக்குக் கையை நீட்டினார்.